மார் அடைத்ததா, இதயம் நின்றதா?

தில்லி ஆர்.கே.புரத்தின் மேற்கு பிளாக் அரசு அலுவலகங்களுக்கு நடுவே நீண்ட காலம் நடந்து வந்தது ஒரு விசித்திரத் தொழிற்சாலை. தயாரிப்பு: சொற்கள். 1961-ல் மத்திய அரசு அமைத்த அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம்தான் அது. இந்தியிலும் பிற மொழிகளிலும் கலைச்சொற்களை உருவாக்குவதோடு அது நிற்கவில்லை. சொல்லின் பொருளை வரையறுக்கும் 'பரிபாஷா கோஷ்' அகராதிகளையும் வெளியிட்டது.

சொல் போதாதா, வரையறை எதற்கு? மொழிபெயர்ப்பு மேஜைக்காரர்களுக்கு விடை தெரியும். 'ஹார்ட் அட்டாக்' என்று செய்தி வந்தாலும் 'மாரடைப்பு'. 'கார்டியாக் அரெஸ்ட்' என்று வந்தாலும் 'மாரடைப்பு'. நானும் அப்படி எழுதித் தள்ளியவன்தான்.

இரண்டும் ஒன்றல்ல. முன்னது, இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பின்னது, இதயத் துடிப்பே நின்றுபோவது. ஆள் சரிந்து விழுவார். பேச்சு மூச்சு இருக்காது. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை நடு மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தியாக வேண்டும். முன்னது பின்னதில் முடியலாம் என்பதால்தான் குழப்பம்.

தமிழுக்கு இந்த வேலை புதிதல்ல. 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், பாடநூல்களையும் தமிழாக்கினார்.

இன்று 'இதய நிறுத்தம்' என்ற சொல்லும் தயாராக இருக்கிறது. செய்தியில் அது சரியான இடத்தில் விழுந்தால், எப்போது ஓடுவது, எப்போது மண்டியிட்டு மார்பை அழுத்துவது என்று படிப்பவர் ஒருவருக்காவது தெரியும்.