ஜரிகைக்கு முன்னாடி கையைத் தூக்கச் சொல்லுங்க

நான் ஆம்பூர்க்காரி. எங்க ஊர்ல ஷூ தைக்கிறவங்க முதல்ல பார்ப்பது பாதத்தை, அழகு அப்புறம்தான். காலேஜ் நாடகத்துக்கு முதன்முதலா உடை தைச்சப்போ நான் இதை மறந்துட்டேன். துரியோதனனுக்கு இறுக்கமான கை, தோள் முழுக்க ஜரிகை. ரிகர்சல்ல அவனால கதாயுதத்தைத் தூக்கவே முடியல! ராத்திரியோட ராத்திரியா தையலைப் பிரிச்சு, அக்குள்ல துண்டுத் துணி வெச்சுத் தைச்சேன்.

அதுக்கப்புறம்தான் வட தமிழ்நாட்டுக் கட்டைக்கூத்தை உடைக்காகவே உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பேரே ராஜா வேஷக்காரர்கள் அணியும் மர நகைகளால வந்தது. கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் கட்டை. ஏன் லேசான மரம்? கூத்து விடிய விடிய நடக்கும், கழுத்து தாங்கணும். ஏன் கண்ணாடித் துண்டு? குறைஞ்ச வெளிச்சத்திலும் கடைசியில உட்கார்ந்தவருக்கு ராஜா மின்னணும். இடுப்புல துணியை அடுக்கிப் பாவாடையைப் புடைக்க வைப்பாங்க. சுழலும்போது ஆளே பெரிசாகிடுவார்.

காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபால் 2002-ல் தொடங்கிய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் இந்தக் கட்டைகளைக் கட்டி ஆடினாங்க. உடை சரியா உட்கார்ந்தா, உள்ளே யார் இருந்தாலும் துரியோதனன்தான்.

நீங்க மேடைக்கு உடை தைக்கிறீங்களா? முதல்ல சாதாரணத் துணியில ஒன்னு தைச்சுப் போட்டுவிடுங்க. நடிகரை உட்கார, குனிய, சுத்த, கையைத் தூக்கச் சொல்லுங்க. எங்கே பிடிக்குதுன்னு கேளுங்க. ஜரிகை அப்புறம் வாங்கிக்கலாம்.