பாதி வழியில் குலுக்கலை மாற்றலாமா?

புதிய சிகிச்சை ஒன்றைச் சோதிக்கும்போது யாருக்கு அது, யாருக்குப் பழைய சிகிச்சை என்பதை மருத்துவர் முடிவு செய்வதில்லை; குலுக்கல் முடிவு செய்கிறது. 1948இல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் ஆய்வில், புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் இதற்காக ஒட்டிய உறைகளைப் பயன்படுத்தினார். அடுத்த உறைக்குள் இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், தேறிவிடுவார் என்று தோன்றும் நோயாளியைப் புது மருந்தின் பக்கம் தள்ள நல்ல மருத்துவருக்கும் மனம் வரும். இன்றைய பெரிய ஆய்வுகள் பலவும் கட்டம் கட்டமாக நடக்கின்றன. சிலரைச் சேர்க்கிறார்கள், இடைக்கால முடிவைப் பார்க்கிறார்கள், பிறகு தொடர்கிறார்கள். அப்படிப் பார்க்கும்போது ஒரு சிகிச்சை முந்துவதாகத் தெரிந்தால், அடுத்து வருகிறவர்களில் கூடுதலானவர்களை அதன் பக்கம் அனுப்புவதுதானே நியாயம்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டத்தின் முடிவில் தேறாத சிகிச்சையை நிறுத்துவது வேறு, ஓடிக்கொண்டிருக்கும் குலுக்கலைச் சாய்ப்பது வேறு. முதலாவது பெரும்பாலும் சரி. இரண்டாவது பெரும்பாலும் தவறு.

இதற்கு மிகக் கசப்பான சான்று எக்மோ கருவியின் வரலாறு. உடலுக்கு வெளியே ரத்தத்துக்குப் பிராணவாயு ஏற்றும் இக்கருவியின் பெயர் 2016 டிசம்பரில் தமிழ்நாடு முழுவதும் செய்திகளில் ஒலித்தது. மூச்சுத் திணறலால் உயிருக்குப் போராடும் பச்சிளங்குழந்தைகளுக்கு இது உதவுமா என்று அமெரிக்காவின் மிச்சிகனில் ராபர்ட் பார்ட்லெட்டின் குழு சோதித்து, 1985இல் முடிவை வெளியிட்டது. வெய், டர்ஹம் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1978இல் முன்வைத்த ‘வெல்பவருக்கே வாய்ப்பு’ முறையை அவர்கள் பின்பற்றினார்கள். ஒரு குடுவையில் இரு சிகிச்சைகளுக்கும் ஆளுக்கொரு பந்து. ஒரு குழந்தை பிழைத்தால் அதற்குத் தந்த சிகிச்சையின் பந்து ஒன்று கூடும். இறந்தால் எதிர்ச் சிகிச்சையின் பந்து கூடும். முதல் குழந்தைக்கு எக்மோ, பிழைத்தது. இரண்டாவதற்கு வழக்கமான சிகிச்சை, இறந்தது. அதன் பிறகு வந்த 10 குழந்தைகளுக்கும் எக்மோவே கிடைத்தது, பத்தும் பிழைத்தன. ஆக எக்மோவுக்கு 11, வழக்கமான சிகிச்சைக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒரு குழந்தை மற்றவற்றைவிட மோசமான நிலையில் வந்திருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் பதில் இல்லை. மருத்துவ உலகம் நம்பவில்லை.

அடுத்து பாஸ்டனில் இரண்டு கட்டமாக ஓர் ஆய்வு நடந்தது. ஏதேனும் ஒரு குழுவில் 4 மரணம் நேரும்வரை சமமான குலுக்கல், பிறகு முந்தும் சிகிச்சை மட்டும் என்பது விதி. முதல் கட்டத்தில் வழக்கமான சிகிச்சை பெற்ற 10 பேரில் 4 பேர் இறந்தார்கள். எக்மோ பெற்ற 9 பேரும் பிழைத்தார்கள். இரண்டாம் கட்டத்தில் 20 பேருக்கு எக்மோ மட்டும். 19 பேர் பிழைத்தார்கள். ஆனால் இந்த 20 பேரோடு ஒப்பிட அதே காலத்தில் வேறு குழு இல்லை. சர்ச்சை தொடர்ந்தது. கடைசியில் பிரிட்டனில் 185 குழந்தைகளைச் சரிபாதியாகப் பிரித்து நடந்த ஆய்வு, 1996இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. எக்மோ குழுவில் 93 பேரில் 30 பேர் இறந்தார்கள், மற்றதில் 92 பேரில் 54 பேர். அதோடு வாதம் ஓய்ந்தது. செலவு, பிழைத்தவர்களுக்கு ஊனம் நேருமா என்ற கவலை ஆகியவையும் அந்த ஆய்வுக்குக் காரணங்கள்தாம். என்றாலும், மிச்சிகனில் ஒரு குழந்தையோடு நின்ற ஒப்பீடு யாரையும் நம்பவைக்க முடியாமல் போனதன் விலையும் அந்த 54இல் அடங்கியிருக்கிறது.

எண்ணிக்கை சிறியது என்பதால் வந்த வினைதானே இது, பெரிய ஆய்வில் சாய்த்தால் என்ன என்று கேட்கலாம். அங்கே வேறு சிக்கல் வருகிறது. காலம் மாற நோயாளிகளும் மாறுகிறார்கள். 2020 மார்ச்சில் கோவிட்டோடு மருத்துவமனைக்கு வந்தவரும் அந்த ஆண்டு முடிவில் வந்தவரும் ஒரே கவனிப்பைப் பெறவில்லை. மாதம் செல்லச் செல்ல ஒரு சிகிச்சையின் பங்கு கூடினால், பிற்பாடு வந்தவர்கள் அந்தக் குழுவில் குவிவார்கள். காலத்தால் விளைந்த நன்மை மருந்தின் கணக்கில் ஏறிவிடும். இதைப் புள்ளியியலால் ஓரளவு திருத்தலாம், திருத்தியும் வருகிறார்கள். ஆனால் அதற்கு அனுமானங்கள் வேண்டும்; அனுமானங்களுக்கு இடம் கொடுக்காமலிருக்கத்தானே குலுக்கலே வந்தது? போதாக்குறைக்கு, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்தே மருத்துவர்கள் இடைக்கால முடிவை ஊகித்துவிடுவார்கள். ஹில்லின் உறை பிரிக்காமலே கசிந்த மாதிரிதான்.

கனமான ஆட்சேபம் அறம் சார்ந்தது. தோற்கும் சிகிச்சை என்று சந்தேகம் வந்த பிறகும் நோயாளிகளில் பாதிப் பேரை அதற்கு அனுப்புவது கொடுமையில்லையா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 பேரைச் சரிபாதியாகப் பிரித்தால் கிடைக்கும் துல்லியத்தை மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பெற ஏறக்குறைய 267 பேர் வேண்டும். பழைய சிகிச்சைக்குப் போவோர் 100இலிருந்து 67ஆகக் குறைகிறார்கள். இந்த ஆதாயத்தை மறுக்க முடியாது. ஆனால் கூடுதலாக 67 பேரைச் சேர்த்து முடிக்கும்வரை பதில் தள்ளிப்போகிறது. அதுவரை ஆய்வுக்கு வெளியே இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் பழைய சிகிச்சையையே பெறுவார்கள். உள்ளே இருப்பவர்களை மட்டும் எண்ணும் அறம் பாதி அறம்தான். கோவிட் சிகிச்சைகளைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வு ஒதுக்கீட்டு விகிதத்தை இடைக்கால முடிவுக்கு ஏற்பச் சாய்க்கவில்லை. 2020 மார்ச்சில் தொடங்கி, ஜூன் 16 அன்று டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கிறது என்று அறிவித்துவிட்டது. 28 நாளில் மரணம் அந்தக் குழுவில் 22.9 சதவீதம், மற்றதில் 25.7 சதவீதம். இவ்வளவு சிறிய வித்தியாசத்தை மூன்றே மாதத்தில் உறுதிசெய்ய முடிந்தது.

கட்டங்களை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு 2005இல் பிரிட்டனில் தொடங்கிய ஸ்டாம்பீட் என்ற புராஸ்டேட் புற்றுநோய் ஆய்வைப் பார்க்கலாம். ஐந்து புதுச் சிகிச்சைகள் ஒரே ஒப்பீட்டுக் குழுவோடு களமிறங்கின. ஒவ்வொரு கட்ட முடிவிலும் முன்பே வகுத்த தடையைத் தாண்டாதது வெளியேற வேண்டும். செலிகாக்ஸிப் அடங்கிய இரண்டு சிகிச்சைகளும் 2011இல் அப்படி வெளியேறின. அதே ஆண்டில் அபிரடிரோன் உள்ளே வந்தது. தேறிய டோசிடாக்செல் பிறகு வழக்கமான சிகிச்சையிலேயே சேர்ந்துவிட்டது. இத்தனை மாற்றத்திலும் ஒரு விதி மாறவில்லை: எந்தச் சிகிச்சையையும் அது நடந்த அதே காலத்தில் குலுக்கலில் சேர்ந்தவர்களோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். இங்கும் விகிதம் சமமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழுவுக்கு இரண்டு பங்கு, மற்றவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு. எல்லாச் சிகிச்சைகளும் அந்த ஒரே குழுவோடுதான் மோதுகின்றன என்பதால் அதைப் பெரிதாக்குவது எல்லோருக்கும் லாபம். ஐந்து சிகிச்சைகள் என்றால் ஐந்தின் வர்க்கமூல அளவு, அதாவது இரண்டுக்குச் சற்று மேல், சிறந்த விகிதம் என்கிறது கணக்கு. முன்கூட்டியே தீர்மானித்த சமமின்மையில் பழுதில்லை. முடிவைப் பார்த்துப் பார்த்து மாற்றும் சமமின்மைதான் சிக்கல்.

அபூர்வ நோய்களில் மட்டும் இந்த வாதம் தளர்கிறது. நாட்டில் உள்ள நோயாளிகளில் பெரும்பாலோர் ஆய்வுக்குள்ளேயே இருந்தால், வெளியே காத்திருப்போருக்காக உள்ளே இருப்பவர் பொறுக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. அங்கே சாய்ப்பதற்கு நியாயம் உண்டு. அப்போதும் ஒப்பீட்டுக் குழுவின் பங்கைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறக்கக் கூடாது. அந்த அளவை முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தில் எழுதிவைத்துவிட வேண்டும்.