தள்ளினால் போதும், ஆனால் முழுவதும் தள்ள வேண்டும்



உங்கள் சமையலறையில் ஆர்.ஓ. குடிநீர்க் கருவி இருந்தால், அதன் பின்புறத்தைச் சற்றுப் பாருங்கள். விரல் பருமன்கூட இல்லாத ஒரு வெள்ளைக் குழாய், சிறிய பிளாஸ்டிக் மூட்டு ஒன்றுக்குள் நுழைந்திருக்கும். அங்கே மரையும் இல்லை, பசையும் இல்லை. இதுவே ‘புஷ் ஃபிட்’ மூட்டு.

ஆஸ்பத்திரியிலும் இதற்கு வேலை உண்டு. பல் மருத்துவரின் நாற்காலிக்குக் காற்றும் நீரும் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய்களிலும், நீர் சுத்திகரிக்கும் கருவிகளிலும் இதைக் காணலாம். டயாலிசிஸ் பெறும் ஒருவருக்கு நிமிடத்திற்கு 500 மி.லி. வீதம் 4 மணி நேரத்தில் சுமார் 120 லிட்டர் சுத்தமான நீர் தேவை. வழியில் ஒரு மூட்டு கழன்று நீர் நின்றால் சிகிச்சையும் தடைப்படும்.

எப்படிப் பிடிக்கிறது?

மூட்டின் வாயருகே ஒரு வளையம் இருக்கும். அதிலுள்ள எஃகுப் பற்கள் குழாயை உள்ளே விடும். வெளியே இழுத்தால் கடித்துக்கொள்ளும். நீரின் அழுத்தம் குழாயை வெளியே தள்ளத் தள்ள, பிடி இன்னும் இறுகும். அதற்கும் உள்ளே ரப்பர் ‘ஓ ரிங்’ ஒன்று உண்டு. கசிவைத் தடுப்பது அதுதான்.

தவறு நேர்வதும் இங்கேதான். குழாய் பற்களைத் தாண்டியதுமே, வேலை முடிந்தது என்று தோன்றும். இழுத்தாலும் வராது. ஆனால் ஓ ரிங்கைத் தாண்டியிராவிட்டால், நீரைத் திறந்ததும் ஒழுகும்.

ஆகவே குழாயை நேராக வெட்டி, பிசிறு நீக்கி, எவ்வளவு உள்ளே போக வேண்டுமென்று பேனாவால் குறியிட வேண்டும். குறி மறையும் வரை தள்ளிய பிறகே இழுத்துப் பார்க்க வேண்டும். அளவும் முக்கியம். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ.; 6 மி.மீ. குழாய் பார்வைக்கு அதே போலிருந்தாலும் அந்த மூட்டில் சரியாக அடைக்காது. கழற்றும்போது முதலில் நீரை மூடி அழுத்தத்தை வெளியேற்றுங்கள். பின்பு வளையத்தைச் சுற்றிலும் சமமாக அழுத்திக்கொண்டு குழாயை இழுங்கள்.

எங்கே கூடாது?

நீருக்கென்று செய்த மூட்டைச் சமையல் எரிவாயுவுக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. எரிவாயுவுக்கென்றே சோதித்துச் சான்றளித்த மூட்டுகள் வேறு.

“ஆக்சிஜனுக்கும் இதையே போட்டால் செலவு குறையுமே” என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. ஆக்சிஜன் செறிந்த இடத்தில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் எளிதில் தீப்பற்றி வேகமாக எரியும். அதனால்தான் வார்டுச் சுவர்களில் ஓடும் ஆக்சிஜன் குழாய்கள் செம்பினால் ஆனவை; அவற்றின் மூட்டுகளை உலோகம் உருக்கிப் பற்றவைக்கிறார்கள். அதற்குச் செலவும் நேரமும் அதிகமே. ஆனால் அந்தக் குழாயை நம்பித்தான் ஒருவர் மூச்சுவிடுகிறார்.