கர்ப்பகாலத்தின் இரத்தக் கணக்கு

வயிறு வெளியே தெரியத் தொடங்குவதற்கு முன்பே கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தம் பெருகத் தொடங்கிவிடுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மா 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகையில், சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடாததால், இரத்தம் சற்று நீர்த்துப்போவது இயல்பே. ஆயினும் உயிர்வளியைச் சுமந்து செல்லும் இரும்பு கலந்த புரதமாகிய ஹீமோகுளோபின், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் (நடு மூன்று மாதங்களில் 10.5), அது இரத்தசோகை எனக் கொள்ளப்படுகிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளுள் பாதிப்பேருக்கு மேல் இந்நிலையில் இருந்தனர் என்பது பெரும் வேதனைக்குரியது.

முதல் மூன்று மாதங்களில் முந்தி நிற்கும் தேவை ஃபோலிக் அமிலம் என்னும் பி வகை வைட்டமின் ஆகும். சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல் கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போயிருப்பதை அந்தப் பெண் அப்போதுதான் உணர்ந்திருப்பாள். எனவே கருத்தரிக்கத் திட்டமிடும்போதே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளுமாறு மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். இச்சத்தின் வரலாறு இந்தியப் பெண்களோடு பிணைந்தது. 1928-இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், அங்குள்ள ஏழைக் கர்ப்பிணிகளைப் பீடித்த ஒருவகை இரத்தசோகை ஈஸ்ட் சாற்றினால் குணமாவதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த சத்தே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

மசக்கை தணியும் நான்காம் மாதத்திலிருந்து இரும்பின் முறை வருகிறது. கர்ப்பகாலம் முழுவதற்கும் தேவைப்படும் ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பில் ஏறத்தாழ பாதி தாயின் பெருகும் இரத்தத்துக்கும், 300 மில்லிகிராம் அளவு சிசுவுக்கும் நஞ்சுக்கொடிக்கும் செல்வதால், உணவு மட்டும் பெரும்பாலும் ஈடுகொடுப்பதில்லை. அதனால்தான் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை 180 நாட்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரப்படுகிறது.

மாத்திரை கைக்கு வந்தாலும் அது இரத்தத்தில் சேர்வது விழுங்கும் முறையைப் பொறுத்தது. சாப்பிட்ட கையோடு தேநீரோ காப்பியோ குடித்தால் அவற்றிலுள்ள டானின் போன்ற பொருட்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் அவ்வாறே தடுப்பதால், இரண்டையும் ஒரே மடக்கு நீரில் விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். மாறாக, எலுமிச்சைச் சாறும் நெல்லிக்காயும் இரும்பை உடலில் சேர்க்க உதவுகின்றன. முருங்கைக்கீரைப் பொரியலின் மேல் பிழியும் அரைமூடி எலுமிச்சைக்கும் இதே பயன் உண்டு. மலம் கறுப்பது உறிஞ்சப்படாத இரும்பின் நிறமேயன்றி நோயன்று. குமட்டல் மிகுந்தால் உணவுக்குப் பின்னோ படுக்கப்போகும் முன்னோ எடுத்துக்கொள்ளலாம். மாத்திரை தின்றால் குழந்தை கறுத்துவிடும் என்ற அச்சத்துக்கு எவ்வித அடிப்படையும் இல்லை. அரிசிப் பானையில் கைவிட்டுப் பச்சரிசியை மெல்லுவதும், சாம்பலையோ மண்ணையோ தின்பதும் மசக்கை ஆசை எனச் சிரித்து விடத்தக்கவை அல்ல. இரும்புக் குறைபாட்டின் அறிகுறியாக அவை இருக்கக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம்.

கடைசி மூன்று மாதங்களில் சிசு, பிறந்தபின் முதல் சில மாதங்களுக்கு வேண்டிய இரும்பைத் தாயிடமிருந்து சேர்த்துக்கொள்கிறது. இயல்பான பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை இரத்தம் வெளியேறக்கூடும். நல்ல உடல்நிலையில் உள்ளவள் தாங்கும் அந்த இழப்பு, சோகை முற்றியவளின் உயிருக்கே உலை வைக்கக்கூடும். மாத்திரையால் ஹீமோகுளோபின் அளவு ஏறாதவர்களுக்கு இரும்பு சுக்ரோஸ் மருந்து சிரை வழியாக ஏற்றப்படுகிறது; அந்த அளவு 7 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கு மருத்துவமனைக் கண்காணிப்பு தேவை.

பிள்ளை பிறந்ததும் வீட்டாரின் கவனமெல்லாம் தொட்டிலுக்குப் போய்விட, மாத்திரை நின்றுவிடுகிறது. ஆனால் பேற்றுக்குப் பின்னும் 180 நாட்கள் அது தொடர வேண்டும். குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுக்கும் நாளில், தாயின் மாத்திரை அட்டையில் எத்தனை எஞ்சியிருக்கின்றன என்பதையும் யாரேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.