விமானம் தாமதமா? முதலில் பயண நேரத்தைப் பாருங்கள்

சென்னையிலிருந்து ஒருவர் மதுரைக்கும் இன்னொருவர் டெல்லிக்கும் கிளம்புகிறார்கள். இரண்டு விமானங்களும் இரண்டரை மணி நேரம் தாமதம். மதுரைப் பயணிக்கு விமான நிறுவனம் சாப்பாடு தந்தாக வேண்டும். டெல்லிப் பயணிக்கு அந்த உரிமை வர இன்னும் அரை மணி நேரம் ஆகும்.

காரணம், விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதி, டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரத்தை வைத்தே உரிமையைக் கணக்கிடுகிறது. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் போய்ச் சேர்ந்து நிற்பது வரையிலான நேரம் அது. வான்வழியில் மதுரை ஏறத்தாழ 420 கி.மீ.தான், ஆனாலும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் சேர்த்து ஒரு மணிக்கு மேலேயே போடுகிறார்கள்.

தாமதமானால்

பயண நேரம் இரண்டரை மணிக்குள் என்றால் 2 மணி நேரத் தாமதத்திலும், ஐந்து மணிக்குள் என்றால் 3 மணி நேரத் தாமதத்திலும், அதற்கு மேற்பட்ட பயணத்துக்கு 4 மணி நேரத் தாமதத்திலும் உணவு தர வேண்டும். நேரத்தோடு செக்-இன் செய்திருப்பது அவசியம். தாமதம் 6 மணியைத் தாண்டும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். எது வேண்டும் என்பதை முடிவு செய்வது நீங்கள்.

ரத்தானால்

24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லாமல் ரத்து செய்தால், உங்களுக்கு ஒத்துவரும் மாற்று விமானம் தர வேண்டும்; இல்லையென்றால் டிக்கெட் பணத்தோடு நஷ்டஈடும் தர வேண்டும். ஒரு மணி நேரப் பயணம் வரை 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவு என்றால் அந்தத் தொகைதான் கிடைக்கும்.

எங்கே கோட்டை விடுகிறோம்?

புயல், கலவரம் போன்ற நிறுவனத்தின் கைமீறிய காரணங்களுக்கு நஷ்டஈடு கிடையாது. நாம் கவனிக்காமல் விடுவது வேறொன்று: ஏஜென்ட் தன் செல்போன் எண்ணைக் கொடுத்து டிக்கெட் போட்டுவிடுவார், ரத்துச் செய்தி அவருக்கே போகும். சரியான தொடர்பு எண் தராதவருக்கு நஷ்டஈடு இல்லை என்று விதியே சொல்கிறது. உங்கள் எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள்.

நம் விதி பயண நேரத்தைப் பார்க்கிறது; ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு நஷ்டஈட்டு விதியோ தூரத்தை அளவுகோலாக வைத்தது: 1,500 கி.மீ. வரை 250 யூரோ, தொலைதூரப் பயணத்துக்கு 600 யூரோ வரை. பாரிஸிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் விமானம், எந்த நாட்டு நிறுவனத்துடையது என்றாலும், இதற்குள் வரும்.

யாரிடம் முறையிடுவது?

போர்டிங் பாஸ், எஸ்எம்எஸ், தாமதத்தைக் காட்டும் அறிவிப்புப் பலகையின் போட்டோ ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார். பதில் திருப்தி தராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளம். நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். டிக்கெட் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.