காதைக் கொஞ்சம் நகர்த்திப் பார்ப்போமா?

மேசைமேல் எல்லாம் தயார். கம்பி பூட்டிய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று, ஆம்ப் ஒன்று, ஏதோ ஒரு பழைய கிட்டாரிலிருந்து கழற்றி எடுத்த சிங்கிள் காயில் பிக்கப் ஒன்று. அந்தப் பிக்கப்பின் இரண்டு வயர்களையும் ஒரு ஜாக்கில் சால்டர் செய்து, கேபிளை ஆம்பில் செருகியாயிற்று. இதை நாம் கிட்டாருக்குள் பொருத்தப் போவதில்லை. கையில் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கம்பிகளுக்கு மேலேயே பிரிட்ஜிலிருந்து நட் வரை ஊர்வலம் கூட்டிப்போகப் போகிறோம். வழியெல்லாம் வேறு வேறு கிட்டார்கள் குடியிருக்கின்றன. வாருங்கள்!

பிக்கப்பைக் கம்பிக்கு மேலே பிடிப்பது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் எலக்ட்ரிக் கிட்டாரின் பிறப்பே கிட்டத்தட்ட அப்படித்தான். 1930களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் ஜார்ஜ் போஷாம்ப் உருவாக்கிய ‘ஃப்ரையிங் பான்’ கிட்டாரில், குதிரை லாடம் போன்ற இரண்டு காந்தங்கள் கம்பிகளுக்கு மேலே வளைந்து நின்றன. 1937இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

பிக்கப்புக்குள் இருப்பது என்ன? சில காந்தத் துண்டுகள், அவற்றைச் சுற்றித் தலைமுடி அளவே தடிமனான செப்பு இழை, ஏறக்குறைய 8,000 சுற்று. எஃகுக் கம்பி அந்தக் காந்தப்புலத்தில் ஆடும்போது இழையில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே விதி. இங்கே ஒரு விசேஷம் உண்டு. மைக்கைப் போலக் காற்றில் வரும் சத்தத்தைப் பிக்கப் கேட்பதில்லை. தனக்கு நேரே இருக்கும் சிறிய துண்டுக் கம்பி எப்படி ஆடுகிறதோ அதை மட்டும்தான் கேட்கும். காது எங்கே இருக்கிறதோ, பாட்டு அங்கே இருப்பதுதான்!

மீட்டிய கம்பி முழு நீளத்துக்கு ஒன்றாக ஆடுகிறது. அதே நேரத்தில் இரண்டு பாதிகளாகவும், மூன்று பங்குகளாகவும், நான்கு பங்குகளாகவும் ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டமும் ஒரு ஹார்மோனிக். ஒவ்வொன்றுக்கும் கம்பியில் அசையாத புள்ளிகள் உண்டு, அவைதான் கணுக்கள். ஒரு ஹார்மோனிக்கின் கணுவின் மேல் பிக்கப்பை வைத்தால் அந்த ஹார்மோனிக் அதற்குக் கேட்கவே கேட்காது. வீணையில் குதிரைக்கு அருகே மீட்டினால் நாதம் கூர்மையாகவும், தள்ளி மீட்டினால் உருண்டையாகவும் வருமே, மீட்டும் இடத்துக்கு உள்ள அந்த விதியேதான் கேட்கும் இடத்துக்கும்.

இப்போது ஆம்பின் வால்யூமைக் குறைவாக வைத்து, பிரிட்ஜை ஒட்டி ஆரம்பிப்போம். இங்கே கம்பியின் வீச்சு சிறியது, சத்தமும் சிறியது. கீழ் ஹார்மோனிக்குகள் மெலிந்து, மேலே உள்ளவை பளீரென்று முன்னுக்கு வருகின்றன. ஒரு விரற்கடை நகர்த்தினாலே குரல் மாறிவிடும். 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப்பைச் சாய்த்து வைத்தார்கள். மெல்லிய கம்பிகளின் பக்கம் பிரிட்ஜுக்கு நெருக்கம், தடித்த கம்பிகளின் பக்கம் சற்று விலகல். கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலக்கை ஸ்ட்ராட்டைத் திருப்பிப் பிடித்து, இடக்கைக்கு ஏற்றபடி கம்பி மாட்டி வாசித்தார். சாய்வு தலைகீழானது! தடித்த கம்பிகள் பிரிட்ஜ் பக்கம் போய் இறுக்கமாகப் பேசின. மெல்லியவை விலகி வந்து உருண்டு திரண்டன. அவர் ஒலியின் பின்னால் எத்தனையோ காரணங்கள் இருந்தாலும் இந்தச் சில மில்லிமீட்டருக்கும் அதில் பங்கு உண்டு.

நகர்ந்துகொண்டே போனால் கம்பியின் கால் பாகம் வரும். ஸ்ட்ராட்டில் கம்பி நீளம் 25.5 அங்குலம், அதாவது 64.8 சென்டிமீட்டர், கால் பாகம் 16.2 சென்டிமீட்டர். நெக் பிக்கப் குடியிருப்பது ஏறக்குறைய இதே இடத்தில்தான். விரல் வைக்காத கம்பியில் இது நான்காம் ஹார்மோனிக்கின் கணு. அது இங்கே கேட்காது. ஐந்தாம் ஃப்ரெட்டில் விரல் வையுங்கள். பேசும் கம்பி முக்கால் பாகமாகச் சுருங்குவதால் பிக்கப் இப்போது மூன்றில் ஒரு பங்கு தூரத்தில். மூன்றாம் ஹார்மோனிக் காணோம். 12ஆம் ஃப்ரெட்டுக்குப் போங்கள். பிக்கப் இப்போது சரியாகக் கம்பியின் நடுவில்! இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஒதுங்கிக்கொள்கின்றன. நெக் பிக்கப்பில் மேல் ஃப்ரெட்டுகள் புல்லாங்குழல் சாயலில் ஒலிப்பதன் ரகசியங்களில் ஒன்று இது. பிக்கப்பை நகர்த்தாவிட்டாலும் விரல் நகரும்போதெல்லாம் அதன் இடம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. இதைக் கேட்க சால்டரிங் அயர்னே தேவையில்லை. இன்றைக்கே உங்கள் கிட்டாரில் கேட்கலாம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? சாதாரண 22 ஃப்ரெட் கிட்டாரில் விரற்பலகை முடிவது கிட்டத்தட்ட இந்தக் கால் பாகத்தருகே. பிக்கப் வைக்க மரத்தில் காலி இடம் அதற்கும் பிரிட்ஜுக்கும் நடுவில்தான். உலகம் கொண்டாடும் எலக்ட்ரிக் கிட்டார் ஒலிகளில் பெரும்பகுதி, கம்பியின் அந்தக் கடைசிக் கால் பாகத்தில் கேட்டது! மீதி முக்கால் பாகம் பெரும்பாலும் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

ஆகவே எல்லை தாண்டுவோம். 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே பிக்கப்பைப் பிடித்து, விரல் வைக்காத கம்பியை மீட்டுங்கள். அடிச்சுரம் பெருத்து, ஒலி உள்ளே குடைந்ததுபோல, கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயியை நினைவூட்டும் குரலில் வரும். இங்கே ஒரு எச்சரிக்கை. நடுப்பகுதியில் கம்பி எளிதில் இழுபடும். காந்தம் நெருங்கினால் சுருதி தடுமாறும், கம்பி வந்து ஒட்டிக்கொள்ளவும் செய்யும். இரண்டு பக்கமும் அட்டைத் துண்டுகளை அடுக்கி முட்டுக் கொடுத்தால் பிக்கப் பத்திரமாக நிற்கும். ஆம்பின் டிரான்ஸ்பார்மருக்கு அருகே கொண்டுபோனால் ஹம் கூச்சலிடும், தள்ளியே இருங்கள்.

இனி என் மனம் துள்ளும் இடம்: நட்! ஒரு ஃப்ரெட்டில் விரலால் தட்டி அழுத்தினால் கம்பி இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் ஒலிக்கும். பிரிட்ஜ் பக்கத்தை மட்டுமே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். நட்டுக்கு மேலே பிக்கப் வைத்தால் விரலுக்குப் பின்னால் இருக்கும் கம்பியும் பேச ஆரம்பிக்கிறது. ஹென்றி கௌ குழுவின் கிட்டார் கலைஞர் ஃப்ரெட் ஃப்ரித் இதைத்தான் செய்தார். ஒரு பழைய கிப்சன் கிட்டாரில் நட்டின் மேல் கூடுதலாக ஒரு பிக்கப். 1974இல் வந்த ‘கிட்டார் சோலோஸ்’ ஆல்பத்தில் ஒரு மனிதர், ஒரு கிட்டார், ஆனால் காதுக்கு இருவர் வாசிப்பதுபோல ஒரு மயக்கம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், உற்சாகம் தாங்காது. ஏழாம் ஃப்ரெட்டில் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு, பின்பக்கம் ஒரு பங்கு. பின்னால் இருப்பது சரியாக ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கிறது. 12இல் இரண்டும் ஒரே சுரம். விரல் மேலே ஏற ஏற முன்பக்கச் சுரம் ஏறும், பின்பக்கச் சுரம் இறங்கும். ஒரே விரல், எதிரெதிர் திசையில் இரண்டு மெட்டு! விரல் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்துவதால் பின்பக்கச் சுருதி கணக்கைவிடக் கொஞ்சம் கூடும். அந்தச் சிறு பிசகில்தான் இரண்டு சுரங்களும் உரசி மினுமினுக்கின்றன.

பயணத்தின் மறுகோடி பிரிட்ஜுக்குப் பின்னால். 1958இல் வந்த ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டரில் பிரிட்ஜுக்கும் டெயில்பீஸுக்கும் நடுவே தாராளமாகக் கம்பி உண்டு. சோனிக் யூத் குழு அந்த இடத்தை மீட்டி மணியோசை எடுத்தது. ஜெர்மனியின் ஹான்ஸ் ரைகல் பிரிட்ஜுக்குப் பின்னால் மீட்டுவதற்கென்றே கிட்டார்கள் செய்தார். நெதர்லாந்தின் யூரி லாண்ட்மன் கம்பியின் நடுவே கூடுதல் பிரிட்ஜ் வைத்த கருவிகளை உருவாக்கினார். பிரிட்ஜுக்குப் பின்னால் நம் பிக்கப்பைப் பிடித்து, வழக்கமான பக்கத்தில் மீட்டுங்கள். யாரும் தொடாத குட்டிக் கம்பிகள் தாமாகவே கிணுகிணுப்பது ஆம்பில் கேட்கும்.

நம் கையிலுள்ள பிக்கப்பையும் கிட்டாரின் சொந்தப் பிக்கப்பையும் கலந்து கேட்கும்போது அடித்தொனி காணாமல் போய், மூக்கால் பாடுவதுபோல வந்தால், இரண்டும் எதிரெதிர் ஃபேஸில் இருக்கின்றன. நம் பிக்கப்பின் இரண்டு வயர்களையும் மாற்றிச் சால்டர் செய்தால் சரியாகிவிடும். பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்! கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் லெஸ் பால் கிட்டாரில் நெக் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்தால் வந்த அந்த ஏக்கக் குரலை இன்றும் தேடிப்போகிறார்கள்.

பிக்கப்பின் இடத்தை மாற்றிக் கேட்கும் இந்த ஆசையைத் தொழிற்சாலைகளும் உணர்ந்தவைதான். கிப்சன் 1970களில் கொண்டுவந்த கிராபர் பேஸில் பிக்கப்பைக் கையால் தள்ளி நகர்த்தலாம். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் மூன்று நிலை ஸ்விட்ச்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, இல்லாத ஒலியை ஸ்ட்ராட் வாசிப்பவர்கள் கண்டெடுத்தார்கள். ஃபெண்டர் 1977இல் ஐந்து நிலை ஸ்விட்ச்சையே கொடுத்தது. வாசிப்பவரின் குறும்பு முதலில், தொழிற்சாலையின் அங்கீகாரம் பிறகு.

உங்களிடமும் ஒரு பழைய பிக்கப் சும்மா கிடந்தால் நேரே நட்டுக்குக் கொண்டுபோங்கள். இரண்டாவது ஆம்ப் கிடைத்தால் அதில் செருகி, அறையின் எதிர் மூலையில் வையுங்கள். தெரிந்த ஒரு மெட்டை ஒரே கம்பியில் விரலால் தட்டித் தட்டி வாசியுங்கள். ஒரு மூலையில் உங்கள் மெட்டு, மறு மூலையில் அதே விரல் எழுதும் இன்னொரு மெட்டு. அந்த இரண்டாவது மெட்டு நீங்கள் கிட்டார் பிடித்த முதல் நாளிலிருந்தே கம்பியில் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு காதை வைத்தால் போதும்.