கடல் விதைத்த சொற்கள்: கரையோரப் பயிலரங்குகளும் நெய்தல் திணையும்

முன்னுரை

இயற்கையை அறிவதற்கும் அதனோடு உறவு கொள்வதற்குமான சமூகப் பயிலரங்குகள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று பரவலாக நடைபெறுகின்றன. 1940ஆம் ஆண்டில் தோற்றம் பெற்ற மலேசிய இயற்கைக் கழகம் இத்துறையில் நீண்ட மரபுடையது. சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகமும் சமூகத்தை இயற்கையோடு இணைக்கும் திட்டமொன்றை 2011இல் தொடங்கியது. இத்தகைய பயிலரங்குகள் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ அமைகின்றன. நம் மாணவர்கள் வகுப்பறையில் ஐந்திணையின் கருப்பொருள்களைத் தேர்வுக்காக மனனம் செய்கின்றனர். கடற்கரைக்குச் சென்றால் அதே செடியை வேற்றுமொழிப் பெயரால் அறிகின்றனர். இரண்டும் ஒன்றே என்பதை அவர்களுக்கு உணர்த்துவார் இல்லை. இவ்விடைவெளியைத் தமிழாசிரியர் எவ்வாறு நிரப்பலாம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

செக் ஜாவா உணர்த்தும் பாடம்

கண்டு அறிதல் ஒரு சமூகத்தை எந்த அளவுக்கு மாற்றும் என்பதற்குச் சிங்கப்பூரின் செக் ஜாவா தக்க சான்றாகும். புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் அமைந்த இக்கரையில் மணற்பரப்பு, கடற்புல்வெளி, கண்டற்காடு, பாறைக்கரை முதலிய பல்வகை வாழிடங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இப்பகுதியைத் தூர்த்து நிலமாக்கும் பணி 2001ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கவிருந்தது. அச்செய்தி பரவியதும் தொண்டூழியர்கள் வழிகாட்ட, ஆயிரக்கணக்கான மக்கள் அங்குச் சென்றனர். அழியப்போகும் ஒன்றை ஒருமுறை கண்டு விடைபெறுவதே பலரது நோக்கமாக இருந்தது. அதே காலத்தில் ஆய்வாளரும் தன்னார்வலரும் கூடி அங்குள்ள உயிரினங்களைப் பதிவு செய்தனர். அரசு 2001 டிசம்பரில் அத்திட்டத்தைத் தள்ளிவைத்தது. 2007இல் அங்கு நடைபாலமும் வருகையாளர் நிலையமும் திறக்கப்பட்டன.

இம்முடிவுக்கு மக்கள் வருகை மட்டுமே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. அறிவியல் பதிவுகளும் அரசுக்கு அனுப்பப்பட்ட முறையீடுகளும் துணைநின்றன. எனினும் அம்முறையீடுகளுக்குப் பின்னே கரையை நேரில் கண்ட மக்கள் இருந்தனர் என்பது நோக்கத்தக்கது. பெயர் தெரியாத ஒன்றுக்காக எவரும் வாதாடுவதில்லை.

பயிலரங்கு இயங்கும் முறை

கரையோரப் பயிலரங்கின் முதல் ஆசான் கடல்நீர் மட்டமே. நீர் மிகத் தாழும் வேளையில்தான் கடற்புல்லும் உடுமீனும் கண்ணுக்குப் புலப்படும். அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டிக் கடலின் ஏற்றமும் இறக்கமும் மிகும். ஆதலின் பயிலரங்கின் நாளையும் நேரத்தையும் ஓத அட்டவணை கொண்டே வகுக்க வேண்டும். இவ்விரு நாள்களையும் ஒருசேரக் குறிக்க 'உவா' என்னும் சொல் நம்மிடம் உண்டு. முழுநிலா நாள் வெள்ளுவா. மறைநிலா நாள் காருவா. ஓதத்தை விளக்கும் ஆசிரியருக்கு இச்சொற்கள் பெரிதும் பயன்படும்.

பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி என அமைவது நன்று. புரட்டிய கல்லை முன்போலவே திரும்ப வைக்க வேண்டும் என்பது முதல் விதி. அதன் அடியில் ஒட்டி வாழும் உயிர்கள் வெயில் பட்டால் மடியும். அடுத்த விதி, பெயரை உடனே சொல்லிவிடாமை. பங்கேற்பாளர் முதலில் உற்று நோக்கித் தம் சொற்களால் விவரிக்க வேண்டும். பெயர் அதன் பின்னரே வர வேண்டும்.

கடல் விதைத்த சொற்கள்

ஐந்திணையுள் நெய்தலை நாம் தெரிவு செய்வதற்குக் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலக்குறிஞ்சியை இங்குக் காண இயலாது. ஆனால் கடற்கரைச் செடிகள் பலவற்றின் கனியும் விதையும் உப்புநீரில் மிதந்து நெடுந்தொலைவு செல்லும் இயல்பின. அதனால் வங்கக் கடலின் இரு கரைகளிலும் அடும்பு, புன்னை, தாழை, தில்லை ஆகியன வளர்கின்றன. சங்கப் புலவர் பாடிய நெய்தல் நில மரங்கள் சில நம் வாழிடத்திலேயே நிற்கின்றன எனலாம்.

அடும்பு மணலில் படரும் கொடி. அதன் இலை நடுவே பிளவுபட்டிருக்கும். சங்கப் புலவர் அதனை மானின் அடிக்கு உவமித்தனர். மலாய் மக்கள் அதனைத் 'தாப்பாக் கூடா', அதாவது குதிரைக் குளம்பு என்றனர். அறிவியல் பெயரான 'பெஸ் காப்ரே' ஆட்டின் அடியைக் குறிக்கும். ஓர் இலையை மூன்று மரபினர் மூன்று விலங்குகளின் அடியாகக் கண்டுள்ளனர். மாணவர் கையில் அவ்விலையைக் கொடுத்து, எதன் அடியை ஒத்துள்ளது என்று வினவிய பின்னர் இப்பெயர்களைக் கூறினால், உவமை பிறக்கும் இடத்தை அவர்கள் நேரில் காண்பர்.

தில்லை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சிதம்பரம். கண்டற்காட்டில் வளரும் அம்மரத்தின் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் தற்காலிகப் பார்வை இழப்பும் நேரலாம். மலாயில் அதன் பெயர் 'பூத்தா பூத்தா'. 'பூத்தா' எனில் குருடு. இங்குப் பெயரே எச்சரிக்கையாகிறது. அம்மரத்தைத் தொடலாகாது என்பதை மாணவர் இனி மறவார்.

புன்னையோ இந்நாடுகளின் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் நடப்படும் மரம். நற்றிணையின் 172ஆம் பாடலில், தலைவி விளையாட்டாய் மணலில் அழுத்திய விதையிலிருந்து வளர்ந்த புன்னையை அவள் தாய் அவளுக்குத் தங்கை என்கிறாள். அம்மரத்தின் கீழ்த் தலைவனோடு நகையாட அவர்கள் நாணுகின்றனர். இப்பாடலைப் புன்னையின் நிழலில் நின்று கற்பிக்கும்போது, இயற்கையோடு உறவு என்னும் தொடருக்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஞாழல் போன்ற சிலவற்றை இன்ன மரம் என வரையறுப்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உறுதிப்படாத பெயரை ஏதேனும் ஒரு மரத்தின் மீது ஏற்றுதல் இலக்கியத்துக்கும் அறிவியலுக்கும் இழைக்கும் தீங்காகும். தமிழ்ப் பெயர் இல்லாத உயிரினங்களுக்கு மலாய்ப் பெயரையே வழங்குவதில் தவறில்லை.

முதல், கரு, உரி என்னும் குறிப்பேடு

கண்டதைப் பதிவு செய்யாத பயிலரங்கு சுற்றுலாவாகவே முடியும். இதற்குரிய சட்டகம் தொல்காப்பியத்திலேயே உள்ளது. குறிப்பேட்டின் முதற்பகுதியில் மாணவர் முதற்பொருளை, அதாவது இடம், நாள், நேரம், நீர்மட்டம் ஆகியவற்றை எழுதுவர். இரண்டாம் பகுதி கருப்பொருளுக்கு உரியது. மரம், புள், விலங்கு ஆகியவற்றோடு உணவும் தொழிலும் அதில் அடங்குவதால், கரைவாழ் மீனவரின் வாழ்வும் இயற்கையின் பகுதியாகப் பதிவாகும். இயற்கையை மனிதர் இல்லாத காட்சியாக மட்டும் காணும் போக்கிலிருந்து இது மாணவரை விடுவிக்கும். மூன்றாம் பகுதியில் தாம் உணர்ந்ததை அவர்கள் எழுதுவர். அது நெய்தலுக்குரிய இரங்கலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வியப்பாகவும் அச்சமாகவும் இருக்கலாம். ஒரே கரைக்கு ஆண்டில் இருமுறையேனும் சென்று குறிப்புகளை ஒப்பிட்டால், எது பெருகியது, எது மறைந்தது என்பதும் புலனாகும்.

முடிவுரை

மொழி வழக்கிழப்பதைப் பற்றி நாம் மிகுதியும் பேசுகிறோம். வீட்டில் பேசப்படாத மொழி தேய்வது போலவே, சுட்டிக் காட்டப்படாத பொருளின் பெயரும் தேயும். புன்னையும் அடும்பும் தேர்வுத்தாளில் மட்டும் வாழும் சொற்களாகச் சுருங்கினால், மரம் கரையில் நின்றும் சொல் நம்மிடம் இராது. இதனைத் தவிர்க்கப் புதிய பாடத்திட்டமோ பெரும் பொருட்செலவோ வேண்டுவதில்லை. நடைபெற்று வரும் பயிலரங்குகளில் தமிழாசிரியர் மாணவருக்குத் துணையாகச் செல்வதோடு நில்லாமல், சொல் தருபவராகவும் பங்கேற்க வேண்டும். அதற்கு முன்னேற்பாடாக, தம் பள்ளிக்கு அருகிலுள்ள கரையில் நிற்கும் செடிகொடிகளுள் ஐந்தின் தமிழ்ப் பெயரை உறுதிசெய்து கொள்ளுதல் நல்ல தொடக்கமாக அமையும்.